மலையில் பழுத்த பழம் மலைப்பிள்ளையின் கோப்பைக்கு

நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் வழியில், பிளக்பூல் சந்தியை அண்டிய பாதையோரக் கடைகளைப் பாருங்கள். கரட்டும் லீக்ஸும் பீட்ரூட்டும் கட்டுக்கட்டாக அடுக்கியிருக்கும். ஹக்கல வீதிக்குத் திரும்பினால் அவற்றோடு சின்னச் சின்னப் பிளாஸ்டிக் பெட்டிகளில் ஸ்ட்ரோபெரியும் சேர்ந்துகொள்ளும். கொழும்பிலிருந்து வந்த வேன் நிற்கும், கண்ணாடி இறங்கும், பெட்டி கைமாறும், வேன் போய்விடும். கடைக்குப் பின்னால் சரிவில் இறங்கினால் தேயிலை. தேயிலைக்கு நடுவே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம். அங்கே பாடசாலைக்குப் புறப்படும் பிள்ளையின் கோப்பையில் இருப்பது பெரும்பாலும் சாயத்தண்ணிதான்.

இந்த வாரம் ஸ்மூதியைப் பற்றியும், பெரிப் பழத்தை மேலே வைத்துச் சுடும் எளிய கேக்கைப் பற்றியும் பேசப்போகிறோம். ஹோட்டல்காரர் சமாசாரம், நமக்கு எதற்கு என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நம் வீட்டுப் பிள்ளைகளின் உடம்போடு சம்பந்தப்பட்ட பேச்சு இது.

2016ஆம் ஆண்டு நடந்த குடித்தொகை, சுகாதார மதிப்பீட்டின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் 17.3 சதவீதம். தோட்டப்புறத்தை மட்டும் தனியாக எடுத்தால் 31.7 சதவீதம். மூன்று பிள்ளைகளுக்கு ஒரு பிள்ளை என்ற கணக்குக்குக் கிட்ட வருகிறது. பரம்பரையாகவே நாங்கள் குள்ளம் என்று சொல்லித் தட்டிக்கழிக்கக்கூடிய எண் இல்லை இது. தாயின் வயிற்றில் இருக்கும்போதும், பிறந்த பின் முதல் இரண்டு ஆண்டுகளிலும் சரியான சாப்பாடு கிடைக்காததன் அடையாளம்.

நம் சாப்பாட்டுத் தட்டை நேராகப் பார்ப்போம். காலையில் கோதுமை மா ரொட்டி, தொட்டுக்கொள்ளச் சம்பல், கூடவே தேத்தண்ணி. வயிறு நிறைகிறது. ஆனால் ரொட்டியிலும் கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதைத் தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள் தடுக்கிறது. இரத்தசோகை உள்ள தாய்மாருக்கு, சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிக்காதீர்கள், ஒரு மணித்தியாலமாவது தள்ளிக் குடியுங்கள் என்று கிளினிக்கில் சொல்வது இதனால்தான். விற்றமின் சி நேர்மாறாக வேலை செய்கிறது: அதே ரொட்டியிலுள்ள இரும்பை உடம்பு கூடுதலாக எடுத்துக்கொள்ள உதவுகிறது. 100 கிராம் ஸ்ட்ரோபெரியில் ஏறக்குறைய 59 மில்லிகிராம் விற்றமின் சி உண்டு. கொய்யாவில் அதைவிடப் பல மடங்கு. தேயிலையே வாழ்க்கையாகிப் போன மலையில், தேயிலை தடுப்பதைத் திறந்துவிடும் பழங்களும் அதே மண்ணில் பழுக்கின்றன. அந்தப் பழம் நம் வாசலைத் தாண்டிப் போய்விடுகிறது என்பதுதான் என் ஆதங்கம்.

வந்தேறிய பழங்கள்

இந்த மலையில் இன்று நாம் காணும் பயிர்களில் பெரும்பாலானவை ஆதியில் இங்கே இருந்ததில்லை. சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் 1848இல் நுவரெலியாவில் ஒரு பண்ணைக் குடியிருப்பை உண்டாக்க முயன்றபோது இங்கிலாந்திலிருந்து மாடுகளையும் ஆடுகளையும் கொண்டுவந்தார். ஐரோப்பிய மரக்கறிகளுக்கு இந்தக் குளிர் ஏற்றது என்பது அந்தக் காலத்திலேயே தெரிந்துவிட்டது. 1861இல் சிங்கோனா மரத்தைப் பயிரிட்டுப் பார்ப்பதற்காக ஹக்கல பூங்கா உருவானது. கோப்பியை இலைநோய் அழித்தது, தேயிலை வந்தது. 1885இல் ரயில் நானுஓயாவை எட்டியது. பிறகு நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக றாகலைவரை ஒரு குறுகிய ரயில் பாதையும் போட்டார்கள். 1940களில் அதை மூடிவிட்டார்கள்.

ரயிலும் ரோடும் வந்தது மலையில் விளைந்ததைக் கீழே கொண்டுபோவதற்கு. மேலே இருப்பவர் சாப்பிட என்ன ஏறிவரும் என்ற கேள்விக்கு அரிசி, மா, பருப்பு, கருவாடு என்பதே பதிலாக இருந்தது. தோட்டக் கடையும் அப்படியே பழகிவிட்டது, நம் நாக்கும் பழகிவிட்டது.

ஸ்ட்ரோபெரியின் பயணம் இதைவிட நீளமானது. இன்று உலகம் முழுவதும் சாப்பிடும் பெரிய பழ ஸ்ட்ரோபெரி இயற்கையில் தானாக எங்கும் இருந்ததில்லை. 1714இல் பிரேசியே என்ற பிரெஞ்சு இராணுவப் பொறியியலாளர் தென்னமெரிக்காவின் சிலியிலிருந்து பெரிய பழம் தரும் செடிகளைக் கப்பலில் பிரான்சுக்குக் கொண்டுபோனார். அவை பெண் செடிகள். தனியாக நின்று சரியாகக் காய்க்கவில்லை. வட அமெரிக்காவிலிருந்து முன்பே போயிருந்த சிறுபழச் செடிகளின் பக்கத்தில் நட்டபோது இரண்டும் கலந்து, பெருத்த, மணமுள்ள புதிய பழம் பிறந்தது. அந்த நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டங்களில் தற்செயலாக நடந்த கலப்பு அது. அதன் வழித்தோன்றல்தான் மீபிலிமானவிலும் சீதா எலியவிலும் பொலித்தீன் கூடாரங்களுக்குள் இன்று சிவந்து நிற்கிறது. தென்னமெரிக்க மலைகளிலிருந்து வந்த மரத்தக்காளியும், மெக்சிக்கோப் பக்கத்துப் பட்டர் புரூட்டும், சீனத்துத் தேயிலையும், தமிழ்நாட்டிலிருந்து நடந்துவந்த நம் பாட்டன் பூட்டன்மாரும் இந்தச் சரிவுகளில் வேர் பிடித்த கதையும் இதுதான். வந்த பயிர்கள் அனைத்துக்கும் இந்த மண்ணில் இடம் கிடைத்தது. பயிரிட்டவர்களுக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் இன்னும் முழுதாகக் கிடைக்கவில்லை. அந்த நிலத்தின் பேச்சுக்குப் பிறகு வருகிறேன்.

ஸ்ட்ரோபெரிக்குப் பகலில் மிதமான வெயிலும் இரவில் நல்ல குளிரும் வேண்டும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்திலும் நானுஓயா 1,600 மீற்றர் அளவிலும் இருப்பதால் வெப்பநாட்டுக்குள் இருந்துகொண்டே அந்தக் குளிர் கிடைக்கிறது. கெடுப்பது மழை. தென்மேல் பருவக்காற்று தொடங்கிவிட்டால் திறந்தவெளிப் பழத்தில் சாம்பல் நிறப் பூஞ்சணம் ஏறிவிடும், சுவையும் தண்ணீராகிவிடும். அதனால்தான் கூடாரங்கள். வெயிலடிக்கும் ஜனவரி முதல் ஏப்ரல்வரை பழத்தில் இனிப்பு நன்றாக இறங்கியிருக்கும். அதிலும் ஏப்ரல், நுவரெலியா சீசன் மாதம். அப்போது விலை எங்கே போய் நிற்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 2024இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக வர்த்தமானியில் வந்தது. அதில் கணிசமான பங்கைக் கொடுத்து ஒரு பெட்டி ஸ்ட்ரோபெரி வாங்கு என்று எந்தத் தாயிடமும் சொல்ல எனக்கு வாய் வராது.

சொல்ல வருவது வேறு. ஸ்ட்ரோபெரி பறித்த பிறகு பழுக்காது. மாம்பழம், வாழைப்பழம்போல வைத்துப் பழுக்கவைக்கிற வழியில்லை. முழுதாகச் சிவந்த நாளில் பறிக்க வேண்டும், பறித்து ஓரிரு நாளில் சாப்பிட வேண்டும். ஆகவே தினமும் பின்னேரம் கடையில் நசுங்கியது, கோணலானது, ஒரு பக்கம் வெளுத்தது என்று மிஞ்சும். சுற்றுலாப் பயணி அழகைப் பார்த்து வாங்குகிறார்; அழகில்லாதது நிற்கும். ஸ்மூதிக்கு அழகு தேவையில்லை. கேக்கின் மேலே வெந்து உருகப்போகும் பழத்துக்கும் தேவையில்லை. பூஞ்சணம் பிடித்ததை மட்டும் கண்டிப்பாக வீசிவிட வேண்டும். நசுங்கியது, கோணலானது, சின்னது எல்லாமே நமக்கு உதவும். பின்னேரம் கடை கட்டும் நேரத்தில் கேட்டுப் பாருங்கள். காலை விலைக்கும் மாலை விலைக்கும் வித்தியாசம் இருக்கும்.

அடித்துக் குடிப்பது

பழத்தைப் பாலோடு அடித்துக் குடிப்பது நமக்குப் புதிதில்லை. பட்டர் புரூட்டை முள்ளுக்கரண்டியால் மசித்துச் சீனியும் பாலும் சேர்த்துச் சாப்பிடாத மலையக வீடு உண்டா? ஸ்மூதி என்ற பெயர் அமெரிக்காவில் மின் பிளெண்டர் பரவிய 1930களுக்குப் பிறகு பிரபலமானது. பழச்சாறுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. சாறு பிழியும்போது சக்கையை வீசுகிறோம். ஸ்மூதியில் பழம் முழுதாக உள்ளே போகிறது, நார்ச்சத்து மிஞ்சுகிறது, பாலோ தயிரோ சேர்வதால் புரதமும் கல்சியமும் வருகிறது. ஒரு கிளாஸ் குடித்த பிள்ளைக்குப் பத்து மணி இடைவேளைவரை பசி தாங்கும்.

அடிப்படைச் சேர்மானம் சுலபம். இரண்டு பேருக்கு ஒரு கோப்பை ஸ்ட்ரோபெரி, நன்றாகப் பழுத்த வாழைப்பழம் ஒன்று, அரைக் கோப்பை தயிர், அரைக் கோப்பை பால். கோழிக்கூட்டு வாழைப்பழம் என்றால் சீனியே வேண்டாம். கதலி சற்றுப் புளிக்கும், ஒரு தேக்கரண்டி கித்துள் பாணி விடலாம். கொழும்பில் ஐஸ்கட்டி போடுவார்கள். நமக்கு எதற்கு? நானுஓயாக் காலைக் குளிரில் பானைத் தண்ணீரே பல்லைக் கூசவைக்கும்.

ஸ்ட்ரோபெரியைக் காம்போடு கழுவிவிட்டுப் பிறகு காம்பைக் கிள்ளுங்கள். காம்பைக் கிள்ளிவிட்டுக் கழுவினால் தண்ணீர் உள்ளே ஏறிச் சுவை போய்விடும். தோலுரிக்க முடியாத மெல்லிய பழம், தரையை ஒட்டிக் காய்ப்பது, மருந்தடிப்பும் உண்டு. ஓடும் தண்ணீரில் நிதானமாகக் கழுவ வேண்டும். கழுவி வைத்தால் அழுகும், ஆகையால் அடிக்கப் போகும் நேரத்தில் மட்டுமே கழுவ வேண்டும்.

பிளெண்டர் இல்லாத வீடுதான் அதிகம். கவலை வேண்டாம். வாழைப்பழத்தையும் ஸ்ட்ரோபெரியையும் ஒரு சட்டியில் போட்டுக் கரண்டியால் நன்றாக மசியுங்கள். தயிரை விட்டு மத்தால் கடையுங்கள். கடைசியில் பாலை விட்டு இன்னும் இரண்டு சுற்று. பிளெண்டரில் அடித்ததுபோல வழவழப்பாக வராது. ஆங்காங்கே பழத் துண்டு வாயில் தட்டுப்படும். பிள்ளைகளுக்கு அதுவே பிடிக்கிறது.

ஸ்ட்ரோபெரியே வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. உண்மையில் நம் வீட்டோரப் பழங்கள் இன்னும் சிறந்தவை, காசும் குறைவு. மரத்தக்காளியை எடுத்துக்கொள்ளுங்கள். நட்டு இரண்டாம் ஆண்டுக்குள் காய்த்துவிடும், வாசலில் ஒரு மரம் இருந்தால் கிளை கொள்ளாமல் தொங்கும். நியூசிலாந்துக்காரர் 1967இல் இதற்கு டமரில்லோ என்று புதுப்பெயர் வைத்து உலகச் சந்தைக்கு அனுப்பினார்கள். நாமோ சட்னி அரைப்பதோடு விட்டுவிடுகிறோம். தோல் கசக்கும், கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்தால் கையால் உரிக்கலாம். உள்ளே இருக்கும் சிவந்த சதையைப் பழுத்த வாழைப்பழம் இரண்டோடு, தயிர் விட்டு அடித்துப் பாருங்கள். புளிப்பும் இனிப்பும் சரியாக நிற்கும்.

இங்கே கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய ஒரு விஷயம். மரத்தக்காளி, பாஷன் புரூட் இரண்டுக்கும் புளிப்பு அதிகம். பச்சைப் பாலில் போட்டால் பால் திரிந்துவிடும். ஏற்கெனவே உறைந்த தயிர்தான் அவற்றுக்குத் தோது. பப்பாளி, அன்னாசி வேறு வகைத் தொல்லை: அவற்றிலுள்ள நொதிகள் பாலின் புரதத்தை உடைத்துக் கொஞ்ச நேரத்தில் கசக்கச் செய்துவிடும். அடித்த உடனே குடித்தால் பிழையில்லை. காலையில் அடித்துப் போத்தலில் கொடுத்தனுப்பினால் பிள்ளை முகத்தைச் சுளிக்கும்.

பட்டர் புரூட் இருக்கிறதே, அது பழங்களிலேயே தனி ரகம். சீனி மிகக் குறைவு, நல்ல கொழுப்பு நிறைய. மெலிந்த பிள்ளைக்கும், பால் கொடுக்கும் தாய்க்கும் அது பெரிய துணை. மரத்தக்காளியில் உள்ள கரோட்டின் உடம்பில் சேரக் கொழுப்பு வேண்டும். இரண்டையும் ஒன்றாக அடித்தால் ஒன்றுக்கு ஒன்று கைகொடுக்கிறது. கறுத்துப் போகாமல் இருக்கச் சில துளி தேசிக்காய்ச் சாறு போதும். பேரிக்காய், பிளம்ஸ் கிடைக்கும் காலத்தில் அவற்றையும் விடாதீர்கள். கடினமான நாட்டுப் பேரிக்காயைச் சீவிச் சற்று அவித்து ஆறவைத்து அடித்தால் வழுவழுப்பாக வரும்.

பால் எங்கிருந்து என்று கேட்பீர்கள். நானுஓயாவுக்கு அப்பால் ரயில் போகும் வழியில்தான் அம்பேவெல. நாடு முழுவதும் பால் போகும் பண்ணைகள் அங்கே. நம் தோட்டங்களிலும் மாடு வளர்க்கும் குடும்பங்கள் பல. விடியற்காலையில் கறந்து, கேனில் ஊற்றி, சேகரிப்பு நிலையத்தில் அளந்து கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து பால்மா கரைக்கிற வீடுகளை நாம் எல்லோருமே அறிவோம். 2021இலும் 2022இலும் பால்மாவுக்கு வரிசையில் நின்ற கஷ்டத்தையும் மறக்கவில்லை. கொடுக்கிற பாலில் தினமும் ஒரு கோப்பையை வீட்டுக்கு ஒதுக்கி உறைய விடுங்கள். அதனால் வருமானத்தில் குறைவது சிறுதொகை. பிள்ளையின் எலும்புக்கு அது பெரிது.

சில எச்சரிக்கைகளையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வயதாகாத குழந்தைக்குத் தேன் கலந்த எதையும் கொடுக்கக் கூடாது. உயிராபத்தான நச்சு நோய் வரக்கூடும். அந்த வயதில் பசும்பாலைத் தாய்ப்பாலுக்குப் பதிலாகவும் கொடுக்கக் கூடாது. சலரோகம் உள்ள பெரியவர்கள் இரண்டு வாழைப்பழமும் பாணியும் சேர்த்து அடித்துக் குடித்துவிட்டு, பழந்தானே என்று இருக்கக் கூடாது. சேர்க்கும் சீனியை ஒரு நாளைக்கு ஆறு தேக்கரண்டி அளவுக்குள், அதாவது 25 கிராமுக்குள் வைத்துக்கொள்வது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. நாம் தேத்தண்ணியிலேயே அந்தக் கணக்கை முடித்துவிடுகிறோம்.

உயரத்தில் சுடுவது

நுவரெலியாவின் பெரிய ஹோட்டல்களில் பின்னேரத் தேநீரோடு ஸ்கோனும் ஸ்ட்ரோபெரி ஜாமும் கிரீமும் வைப்பார்கள். வெள்ளைக்காரர் விட்டுப்போன வழக்கம். அந்தச் சமையலறைகளில் வேலை பார்ப்பவர்களில் நம் தோட்டத்துப் பிள்ளைகளும் நிறையப் பேர். ஆக, இந்தக் கைவேலை நம்மவர் கைக்கு வந்தே விட்டது. வீட்டுக்குத்தான் இன்னும் வரவில்லை. ஹோட்டலில் மின் அடுப்பு உண்டு, நம்மிடம் இல்லை என்பார்கள். அடுப்பு தடையே இல்லை. அதைவிடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது. அதை யாரும் சொல்லித் தருவதில்லை.

கொழும்பிலோ சென்னையிலோ எழுதிய கேக் குறிப்பை நானுஓயாவில் அப்படியே செய்தால் நடுவில் குழி விழும். செய்தவர் கைராசி இல்லை என்று நொந்துகொள்வார். காரணம் கையில் இல்லை, காற்றில் இருக்கிறது. 1,600 மீற்றர் உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையைவிட ஆறில் ஒரு பங்களவு குறைவு. தண்ணீர் 100 பாகையில் கொதிக்காமல் 95 பாகைக்குக் கிட்டவே கொதித்துவிடுகிறது. அழுத்தம் குறைந்ததால் பேக்கிங் பவுடர் விடும் காற்றுக் குமிழிகள் அளவுக்கு மீறி ஊதுகின்றன. மாவும் முட்டையும் வெந்து இறுகுவதற்கு முன்பே கேக் எழும்பிவிடுகிறது. தாங்க எதுவுமில்லாமல் பிறகு அமுங்கிவிடுகிறது. ஈரமும் வேகமாக ஆவியாகிறது, அதனால் ஓரம் காய்கிறது.

திருத்துவது சுலபம். குறிப்பில் ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர் என்றால் முக்கால் தேக்கரண்டி போடுங்கள். ஒரு கோப்பை சீனிக்கு ஒன்றிரண்டு மேசைக்கரண்டி குறையுங்கள். ஒரு கோப்பைப் பாலுக்கு இரண்டு மேசைக்கரண்டி கூட்டுங்கள். மின் அவனில் சுடுகிறீர்களானால் 180 பாகைக்குப் பதில் 190 வைத்து, சில நிமிடம் முன்பே பார்க்கத் தொடங்குங்கள். ஹட்டன், தலவாக்கலை, கந்தப்பளை, றாகலை எல்லா ஊருக்கும் ஏறக்குறைய இது பொருந்தும். மலையகச் சமையல் குறிப்பு என்று எவராவது புத்தகம் போட்டால் முதல் பக்கத்தில் இது வர வேண்டும் என்பது என் ஆசை.

இனிச் செய்முறை. கோதுமை மா 200 கிராம், பேக்கிங் பவுடர் முக்கால் தேக்கரண்டிக்குச் சற்றுக் கூட, உப்பு ஒரு சிட்டிகை, எல்லாவற்றையும் சலித்து வையுங்கள். பட்டர் அல்லது மாஜரின் 75 கிராமை 90 கிராம் சீனியோடு வெளுக்கும்வரை குழையுங்கள். முட்டை இரண்டை ஒவ்வொன்றாகச் சேருங்கள். மாவையும், அரைக் கோப்பைக்குச் சற்றுக் கூடிய பாலையும் மாறி மாறிப் போட்டுக் கலக்குங்கள். மா சேர்ந்த பிறகு அதிகம் அடித்தால் கேக் இறுகும். நெய் தடவிய தட்டில் ஊற்றி, இரண்டாக வெட்டிய ஸ்ட்ரோபெரியை வெட்டுப் பக்கம் மேலே பார்க்க அடுக்குங்கள். மேலே ஒரு தேக்கரண்டி சீனி தூவுங்கள். பழத்தைக் கலவைக்குள் போட்டுக் கிளறினால் அதன் தண்ணீர் இறங்கி அடிப்பக்கம் களியாகிவிடும். 100 கிராம் ஸ்ட்ரோபெரியில் 90 கிராமுக்கு மேல் தண்ணீர். மேலே இருந்தால் ஆவி வெளியே போய், பழம் சுருங்கி, இனிப்பு கூடும்.

மின் அவன் இல்லாத வீட்டில் கனமான பெரிய சட்டியின் அடியில் மணலை இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்பி, மூடி, விறகடுப்பில் பத்து நிமிடம் காயவிடுங்கள். மணலின்மேல் ஒரு வளையமோ பழைய மூடியோ வைத்து அதன்மேல் கேக் தட்டு. மூடி, மேலே தணலை அள்ளிப் போட்டால் மேற்பக்கமும் சிவக்கும். நெருப்பு மெதுவாக எரிய வேண்டும். முக்கால் மணித்தியாலம் கழித்து நடுவில் ஈர்க்கைக் குத்திப் பாருங்கள், ஒட்டாமல் வந்தால் ஆயிற்று. அவசரப்பட்டு அடிக்கடி மூடியைத் திறந்தால் கேக் அமுங்கும். நத்தாருக்கு இப்படித்தான் பல லயங்களில் கேக் சுட்டார்கள். 2022இல் கேஸ் தட்டுப்பாடு வந்து நகரத்தார் தவித்தபோதும் இந்த அடுப்பு அணையவில்லை.

முட்டையும் பட்டரும் வாங்க முடியாத வாரத்துக்கும் வழி உண்டு. நசுங்கிய ஸ்ட்ரோபெரி கால் கிலோவுக்கு இரண்டு மேசைக்கரண்டி சீனி, பாதித் தேசிக்காய்ச் சாறு. சிறுநெருப்பில் பத்து நிமிடம் கிளறினால் குழம்பாகத் திரளும். ஸ்ட்ரோபெரியில் ஜாமை இறுகவைக்கும் பெக்டின் குறைவு. தேசிக்காய்ப் புளிப்பு அதற்குக் கைகொடுக்கிறது. சூடான தேங்காய் ரொட்டியின்மேல் ஒரு கரண்டி தயிர், அதன்மேல் இந்தப் பழக்குழம்பு. கல்லிலிருந்து எடுத்த கையோடு சாப்பிட வேண்டும். ரொட்டி மாவில் மூன்றில் ஒரு பங்கு குரக்கன் மா சேர்த்தால் மணமும் கூடும், கல்சியமும் கூடும்.

இதே குழம்பை ஒரு தட்டில் பரப்பி, மேலே மா, குரக்கன் மா, சீனி, கொஞ்சம் மாஜரின் எல்லாவற்றையும் விரலால் உதிரியாகப் பிசறித் தூவி, மணல் சட்டியில் வைத்து எடுத்தால் மொறுமொறுவென்று வரும். பேரிக்காயும் இதற்கு நல்ல ஜோடி. எழும்ப வேண்டியது எதுவுமில்லாததால் உயரத்தின் தொல்லையும் இல்லை. முதல்முறை சுடுபவர்கள் இதிலிருந்து தொடங்குங்கள்.

சுடுவதை விட்டு, பழத்தை விளைவிப்பதற்கு வருவோம். இந்தியாவின் மகாராஷ்டிர மாநிலத்து மகாபலேஷ்வர் நம்மைப் போன்ற மலை ஊர்தான். வெள்ளையர் காலத்தில் ஸ்ட்ரோபெரி போய்ச் சேர்ந்த இடம். இன்று இந்தியாவின் ஸ்ட்ரோபெரியில் மிகப் பெரிய பங்கு அங்கிருந்துதான். 2010இல் அந்தப் பழத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அங்கே சிறு விவசாயி தன் நிலத்தில் பயிரிடுகிறார். ஜாமாகவும் சர்பத்தாகவும் ஊரிலேயே ஆக்குகிறார்கள். நம் மலையில் ஸ்ட்ரோபெரி பெரும்பாலும் முதல் போட முடிந்தவர்களின் பயிர். பொலித்தீன் கூடாரம், சொட்டு நீர், வளர்ப்பு ஊடகம், உரம் என்று முதலிலேயே பணம் கேட்கும். அதற்கும் முன்னால் நிலம் கேட்கும்.

நிலத்துக்கு வருகிறேன் என்றேன். லயத்து இஸ்தோப்புக்கு முன்னால் இருக்கும் துண்டு தோட்ட நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. அதில் கரட் போடலாம், கீரை போடலாம். பல ஆண்டு நிற்கும் மரத்தை நட யாருக்கு மனம் வரும்? நாளை வேறு இடத்துக்கு மாறச் சொன்னால்? பழம் பல்லாண்டுப் பயிர். உரிமை இல்லாத மண்ணில் மனிதர் மரம் நடமாட்டார். 7 பேர்ச்சஸ் காணியில் தனி வீடு கிடைத்த குடும்பங்களின் வாசலைப் போய்ப் பாருங்கள்: பாஷன் புரூட் கொடி வேலியில் ஏறியிருக்கும், மூலையில் ஒரு பட்டர் புரூட் கன்று நிற்கும். காணி உறுதி கையில் வந்தால் சத்துணவு பின்னாலேயே வருகிறது. காணி உரிமையைப் பேசும் தலைவர்கள் இதையும் சேர்த்துப் பேச வேண்டும். பிள்ளைகளின் உயரம் அந்தக் காணியில்தான் இருக்கிறது.

அதுவரை கைகட்டி இருக்கவும் வேண்டாம். ஸ்ட்ரோபெரி ஓடுகொடி விட்டுத் தானே பெருகும் செடி. ஒரு செடி கிடைத்தால் அதன் கொடிகளிலிருந்து அடுத்த பருவத்தில் பல கன்றுகள். பழைய அரிசிப் பை, உடைந்த வாளி, மாப் பை எதில் வேண்டுமானாலும் வளரும். மாற வேண்டி வந்தால் தூக்கிக்கொண்டும் போகலாம். அடியில் துளை, மேலே வைக்கோல் அல்லது காய்ந்த புல், மழைக்காலத்தில் இஸ்தோப்புக் கூரைக்குக் கீழே. பத்துப் பை வைத்தால் வியாபாரம் ஆகாது. பிள்ளைகள் பழுக்கப் பழுக்கப் பறித்து வாயில் போட்டுக்கொள்ள அது போதும்.

பாதையோரக் கடைக்காரர்களுக்கும் கூடாரக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பின்னேரம் மிஞ்சும் நசுங்கிய பழத்தை வீசாதீர்கள், மாட்டுக்கும் போடாதீர்கள். தனிக் கூடையில் வைத்து, வேலை முடிந்து கொழுந்து நிறுத்துவிட்டு அந்த வழியே நடந்து போகும் அக்காமாருக்குக் குறைந்த விலையில் கொடுங்கள். பாடசாலை அதிபர்களே, உங்கள் சிற்றுண்டிச்சாலையில் கலர் சோடாவை எடுத்துவிட்டு வாரத்தில் ஒரு நாளாவது தயிரும் பழமும் அடித்துக் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். பாலும் பழமும் உங்கள் பாடசாலையைச் சுற்றியே இருக்கின்றன. தாய்மாரே, ரொட்டி சாப்பிடும் பிள்ளைக்குப் பக்கத்தில் தேத்தண்ணிக் கோப்பையை வைக்காதீர்கள். கொய்யாவோ மரத்தக்காளியோ ஸ்ட்ரோபெரியோ, அன்றைக்குக் கையில் எது இருக்கிறதோ அதை வையுங்கள். தேத்தண்ணி ஒரு மணித்தியாலம் கழித்து வரட்டும்.